இடுப்பு வலிக்கு ஒரு 'டக்' சத்தம் போதுமா?

காரைக்குடி பக்கத்தில் இருக்கும் அமராவதிபுதூர் மாதிரி ஊர்களில் இடுப்பு பிடிச்சுக்கிட்டா, சுளுக்கு நீவிவிடத் தெரிந்தவரைத்தான் முதலில் தேடுவார்கள். தாய் வயிற்றிலிருந்து காலால் பிறந்தவர் முதுகில் லேசா மிதிச்சா சரியாகும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அங்கிருந்து சென்னைக்கு ஐ.டி. வேலைக்கு வந்த பிள்ளை, முதுகை 'டக்'னு சொடுக்குற ரீல்ஸ் பார்க்குது. இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான்: ஏதோ இடம் மாறிடுச்சு, திருப்பி வெச்சா போதும்.

ஆஸ்டியோபதியும் கிட்டத்தட்ட அங்கிருந்துதான் ஆரம்பித்தது. 1874-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் தொடங்கிய முறை அது. இன்று அங்கே ஆஸ்டியோபதி படித்தவர்கள் மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம், முழு டாக்டர்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. அது தனித் தொழில். அதனால் நம்ம ஊரில் அந்த போர்டைப் பார்த்தால், 'என்ன படிச்சீங்க, எங்க படிச்சீங்க?'னு கேட்பதில் தப்பே இல்லை.

நல்ல ஆஸ்டியோபதி டாக்டர் எடுத்ததுமே முதுகில் கை வைக்க மாட்டார். முதலில் கேள்விதான். திடீரென்று சிறுநீர் போக முடியவில்லையா? உட்காரும் இடம் மரத்துப்போச்சா? கால் பலம் குறையுதா? இதில் ஒன்று இருந்தாலும் மசாஜ், மிதி எதுவும் வேண்டாம். அன்றைக்கே மதுரை மாதிரி ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் முதுகெலும்பு டி.பி.யா என்று பார்க்கணும். அப்பத்தாவுக்கு வலி என்றால் எலும்புத் தேய்மானத்தை நினைக்கணும். பலவீனமான எலும்பை யாராவது மிதித்தால் உடைந்தே போகலாம்.

இருபதுகளில் இருப்பவர்கள் இதைக் கவனிங்க. மூன்று மாதத்துக்கு மேல் வலி. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைப்பு. படுத்திருந்தால் அதிகமாகுது, நடந்தால் குறையுது. இப்படி இருந்தால் அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு ருமட்டாலஜி டாக்டரைப் பார்க்கணும். 'உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன், அதான்'னு தள்ளிப்போடாதீங்க.

அடுத்து நரம்புச் சோதனை: குதிகாலில் நடக்க முடியுதா, நுனிக்காலில் நிற்க முடியுதா, கட்டைவிரலைத் தூக்க முடியுதா. இவ்வளவுக்கும் பிறகுதான் கை வரும். தசை எங்கே இறுகியிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, எந்த அசைவு தடைபடுது, தொட்டால் எங்கே வலிக்குது என்று நாலு விஷயம் பார்ப்பார்கள்.

சிகிச்சையும் பெரும்பாலும் மென்மையானதுதான். உதாரணமாக, காலை ஒரு எல்லை வரை கொண்டுபோய், 'என் கையை லேசா தள்ளுங்க' என்பார். சில விநாடி தள்ளி, தளர்த்தியதும் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். இதைச் சில முறை திருப்பிச் செய்வார்கள். அந்த 'டக்' சத்தம்? அது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உருவாவதோடு சேர்ந்த சத்தம். எலும்பு இடத்துக்கு வந்து உட்கார்ந்த சத்தம் இல்லை.

சரி, பலன் தருமா? 1999-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 155 பேரை 12 வாரம் கவனித்தார்கள். கைச் சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். ஆனால் முதல் குழுவுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. 2021-இல் பிரான்சில் 400 பேரை வைத்து, நிஜச் சிகிச்சையையும் பாவனைச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். அன்றாட வேலைகள் செய்வதில் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, கை உதவும், அற்புதம் செய்யாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், கையால் செய்யும் சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. நம்ம ஊரில் எல்லோர் வீட்டிலும் கிடக்கிற இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கிற ட்ராக்‌ஷனையும் அது பரிந்துரைக்கவில்லை.

கடைசியா, அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. 'டிஸ்க் பல்ஜ்'னு எழுதியிருந்தா உடனே வாழ்க்கை முடிஞ்சதுனு நினைக்காதீங்க. அந்த வரிக்கும் உங்க வலிக்கும் தொடர்பு இருக்கானு சொல்ல, உங்களைத் தொட்டுப் பார்த்த ஒரு டாக்டர் வேணும்.

யாரிடம் போனாலும் ஒன்றைக் கவனிங்க: கேள்வி கேட்டாரா, நரம்பைச் சோதித்தாரா, வீட்டில் செய்யப் பயிற்சி சொன்னாரா? மூன்றும் இல்லாமல் 'பத்து சிட்டிங், பேக்கேஜ்'னா, எழுந்து வந்துடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.