கேள்வி கேளுங்கள், பேனாவைப் பிடுங்காதீர்கள்

நடுவர் அவர்களே, அமெரிக்கக் கல்லூரிக்குப் பிள்ளை எழுதிய விண்ணப்பக் கட்டுரையை அடுத்தவரிடம் காட்டினாலே கலப்படம் என்கிறார் எதிரணி நண்பர். ஐயா, சாம்பார்ல உப்பு இருக்கான்னு ருசி பார்த்துச் சொன்னா, சமைச்சது நீங்கன்னு ஆயிடுமா?

1975இல் அங்கே 15 கல்லூரிகள் சேர்ந்து 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தைத் தொடங்கின. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேல். கட்டுரைக்கு 250 முதல் 650 சொல்தான். அதுக்குள்ளே 17 வயசுப் பிள்ளை தன்னைக் காட்டணும். தன் முதுகு தனக்குத் தெரியுமா? ஒருத்தர் படிச்சுட்டு, "தாத்தாவைப் பத்தி அழகா எழுதியிருக்கே, இதுல நீ எங்கேப்பா?"ன்னு கேட்கணும். அந்த ஒரு கேள்வி போதும். பிள்ளை தானே திருத்தி எழுதும்.

"கொடு, நானே எழுதித் தர்றேன்"னு பேனாவைப் பிடுங்கினா? அனுப்பும்போது 'இது என் சொந்த எழுத்து' என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது பிள்ளை அல்லவா! படிப்பை ஒரு பொய்யிலேயா தொடங்கி வைக்கிறது?

படித்துச் சொல்வது துணை. எழுதிக் கொடுப்பதே கலப்படம். துணை வேண்டும் என்றே தீர்ப்புச் சொல்லுங்கள்.