மரமும் நரம்பும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவழியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் வித்தினைத் தருகின்ற தேற்றா மரத்தினால் அவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். மரத்தின் குணமறிந்து அதனையே ஊர்ப்பெயராக வழங்கும் மக்களிடையே, இசைக்கருவி ஒன்றைச் செய்விக்க எண்ணுபவர் முதலில் மரத்தைக் குறித்து வினாவுதல் இயல்பே.

அவர் விரும்புவது மடியிற் கிடத்தி வாசிக்கும் கிற்றார் என்று கொள்க. பழைய திரைப்பாடல்களில் இழைந்து வரும் அதன் நாதத்தை வானொலி நேயர்கள் நன்கு அறிவர். ஹவாய்த் தீவினரான ஜோசப் கெக்குக்கு என்பவர், 1880களின் பிற்பகுதியில், நரம்பின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி இம்முறையைக் கண்டார் என்பது பெருவழக்கு. தமிழ்ச் செவிக்கு இது முற்றிலும் புதிதன்று. கோட்டுவாத்தியத்திலே கருங்காலிக் கட்டை இதே தொழிலைச் செய்து வந்தது. திருவிடைமருதூர்ச் சகாராம ராவும், பூதலூர்க் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அக்கருவிக்குக் கச்சேரி மேடையில் இடந் தேடித் தந்தனர்.

1920களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹெர்மன் வைசன்போர்ன் என்னும் கைவினைஞர், கழுத்தும் உட்குடைவாக அமைந்த மரக்கிற்றார்களைச் செய்தார். 1930களில் மின்கிற்றார் தோன்றவே, அவை பின்தள்ளப்பட்டன. ஆதலால் இன்றும் அத்தகையதொன்றை விரும்புவோர் பெரும்பாலும் கைவினைஞரையே நாட வேண்டியுள்ளது.

விலையை மட்டும் வினாவி எழுதுதல் போதாது. எச்சுருதியில் வாசிப்பது, நரம்பின் நீளம் யாது என்பவற்றை முன்னரே உரைத்தல் வேண்டும். நரம்பு நீண்டால், அதே சுருதிக்கு இழுவையும் மிகும். ஆறு நரம்புகளின் இழுவையும் சேர்ந்தால் ஓர் ஆளின் எடைக்குக் குறையாது. அதனைத் தாங்கும் மேற்பலகையோ ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர்ப் பருமனே உடையது. தடித்தால் நாதம் அடங்கும். மெலிந்தால் பலகை வளையும். இவ்விரண்டுக்கும் நடுவே தட்டிக் கேட்டுத் தட்டிக் கேட்டுச் சீவுவதே கைவினைஞரின் தொழில். ஒருமுறை சீவியதை மீள ஒட்ட இயலாது.

தேற்றாத்தீவினர்க்கு வேறொரு கவலையும் உண்டு. மாரிக்காலத்து ஈரத்தில் மரம் ஊறிப் பெருக்கும். கச்சான் காற்று வீசும்போது உலர்ந்து சுருங்கும். நன்கு உலராத மரத்திற் செய்த கருவி, முதற் கச்சானிலேயே வெடித்தாலும் வியப்பில்லை. உப்புக்காற்றில் எஃகு நரம்பு துருப்பிடிக்கும். கருவி எவ்வூரில் வாழப் போகின்றது என்பதையும் செய்பவர்க்கு அறிவித்தல் நன்று. பலரும் இதனை மறந்துவிடுகின்றனர்.

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியிலே, காந்தருவதத்தையின் இசைப்போட்டியில், சீவகன் தன்முன் கொணர்ந்த யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகின்றான். ஒன்று நீரில் நின்ற மரம், ஒன்று வாள் பட்டது, ஒன்று இடி வீழ்ந்தது, ஒன்று வெந்தது. நரம்பிலும் குற்றம் காண்கின்றான். கருவி வாங்குவோர்க்கு அவனிலும் கடுமையான ஆசான் கிடைப்பது அரிது.

தேற்றாத்தீவுக்குத் தெற்கே, காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் செய்வித்தவை இவற்றினும் அரியவை. சங்க காலத்து யாழ்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. பார்த்துச் செய்ய மாதிரி இல்லை. பத்தர், கோடு, திவவு, ஆணி என நூல்கள் கூறும் உறுப்புகளையும், நரம்புகளின் அலகுக் கணக்குகளையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அவற்றின்வழி யாழ்கள் அமைப்பித்தார். கணக்கு ஓரிடத்தில் பிழைத்திருந்தாலும் உலகறிய நரம்பே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

1947 ஜூன் 5, 6 ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ் நூல் அரங்கேறியது. அவ்யாழ்களை க. பொ. சிவானந்தம் பிள்ளை இசைத்தார். நோயால் நலிந்திருந்த அடிகள் அவையில் அமர்ந்து அவ்விசையைக் கேட்டார். அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் அவர் மறைந்தார்.