வெளிநாட்டுக் கடைச் சட்டையும் நம்ம வீட்டுப் பொண்ணுங்களும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்மில் பலர் மகளையோ மருமகளையோ பஞ்சாலைக்கோ தையல் கம்பெனிக்கோ அனுப்பியிருக்கோம். அவங்க தைக்கிற சட்டை ஐரோப்பா, அமெரிக்கா கடைகளுக்குப் போகுது. அந்தக் கடைக்காரர் சம்பளம் கொடுக்கிற முதலாளி இல்லை. ஆனா எத்தனை பீஸ், என்ன விலை, எந்தத் தேதிக்குள் சரக்கு கிளம்பணும்னு சொல்றது அவர்தான். தேதி நெருங்கினா சூப்பர்வைசர் கத்துறார். பாத்ரூம் போனாலும் நேரம் பார்க்கிறார். அந்தக் கத்தலில் கடைக்காரருக்கும் பங்கு உண்டுன்னுதான் நான் சொல்லுவேன்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் தையல் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. சங்கமும் ஆலை நிர்வாகமும் கையெழுத்துப் போட்டார்கள். எச் அண்ட் எம், பிறகு கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டு கம்பெனிகளும் சேர்ந்தன. ஆலை பேச்சை மீறினால் அதன் வியாபாரத்தில் கை வைப்போம் என்று வாங்குபவர்களே எழுதிக் கொடுத்ததுதான் இதில் புதுசு. ஆர்டர் போயிடும்னா எந்த முதலாளியும் காது கொடுப்பார்!

நம்ம குழுவுக்கு ஊக்குநர் இருக்கிற மாதிரி, தொழிலாளிகளுக்குள்ளேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். முதல் வருஷத்தில் 185 புகார் வந்தது, 182 தீர்ந்தது. இவ்வளவு புகாரான்னு பயப்படாதீங்க. வாய் திறக்க முடியாத இடத்தில் புகார்ப் பெட்டி காலியாத்தான் இருக்கும்.

சொல்லிட்டு வர்ற ஆய்வை நான் பெரிசா நம்ப மாட்டேன். 2013-ல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா இடிஞ்சு 1,100 பேருக்கு மேல் செத்தாங்களே, அதுக்குள்ளே இருந்த ஆலைகளில் சிலது ஏற்கெனவே ஆய்வில் தேறினவைதான். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிஞ்சது. பார்த்தது வேலைக்காரங்க, அவங்க பேச்சு எடுபடலை.

எல்லா மில்லிலும் இப்படி ஒப்பந்தம் கிடையாது. ஆனா 2013 சட்டம் எல்லா இடத்துக்கும் உண்டு. பத்துப் பேரும் அதுக்கு மேலேயும் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு உள் புகார் குழு இருக்கணும். தலைமை ஒரு பெண். வெளியாள் ஒருவரும் இருக்கணும். மூணு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். எழுத முடியலைன்னா குழுவே உதவணும். முதலாளி மேலேயே புகார்னா மாவட்ட உள்ளூர் குழு இருக்கு.

பொண்ணை அனுப்புறதுக்கு முன்னாடி இந்தக் குழுவில் யார் யார்னு கேளுங்க. மாசாமாசம் சம்பளச் சீட்டு வருதா, பிஎஃப் நம்பர் என்னன்னும் கேளுங்க. மூணு வருஷம் முடிஞ்சா மொத்தமா தர்றோம்னு ஆள் பிடிக்கிறவர் சொன்னா எழுந்து வந்திடுங்க. அவள் தைக்கிற சட்டையின் கழுத்துப் பட்டியில் எந்தப் பேர் இருக்குன்னு குறிச்சு வைக்கச் சொல்லுங்க. உள்ளே பேசி நடக்கலைன்னா, சங்கத்துக்காரங்க அந்தப் பேருக்குத்தான் கடிதம் எழுதுவாங்க.

மீதிக் கேள்வியைச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்க, இங்கேதான் இருப்பேன்.