தொட்டில் உள்ள வீட்டில் ராட்வைலர்

‘ஆபத்தான நாய் இனம்’ என்பது விலங்கியல் வைத்த பெயர் அல்ல. சட்டம் வைத்த பெயர். அந்தச் சட்டங்களில் பல, ஒரு குழந்தை கடிபட்ட பிறகு அவசரமாக எழுதப்பட்டவை. 1991 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை பிட்புல் நாய் ஒன்று குதறியது. அந்த ஆண்டே பிரிட்டனில் ஆபத்தான நாய்கள் சட்டம் நிறைவேறியது. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்று நான்கு வகைகளை அது தடை செய்தது. 2000 ஜூனில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பள்ளி வளாகம் ஒன்றில் ஆறு வயதுச் சிறுவன் நாய் தாக்கி இறந்தான். மறு ஆண்டே ஜெர்மனியில் சில நாய் இனங்களுக்கு இறக்குமதித் தடை வந்தது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் 2024 மே 5 அன்று மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்தன. உரிமம், சங்கிலி, வாய்மூடி என்ற சொற்கள் அதன் பிறகுதான் நகரத்தின் அன்றாடப் பேச்சுக்குள் வந்தன.

பட்டியல்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ராட்வைலர் பிரிட்டனின் தடைப் பட்டியலில் இல்லை. இந்திய அரசு 2024 இல் வெளியிட்ட பட்டியலில் இருந்தது. குழந்தைகளோடு ஒட்டிப் பழகும் என்று பிரிட்டனில் பெயர் வாங்கிய ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரை ஜெர்மனி நாட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஒரே நாய் ஓர் எல்லையில் குழந்தைகளின் தோழன், மறு எல்லையில் குற்றவாளி. ஆகவே, குழந்தை உள்ள வீட்டில் எந்த நாயை வைக்கலாம் என்று முடிவு செய்ய இந்தப் பட்டியல்கள் மட்டும் போதா. அந்த நாய் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது, கடித்தால் எப்படிக் கடிக்கும், கடிபடும் உடல் எவ்வளவு சிறியது என்ற மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிட்புல் இனத்தின் மூதாதைகள் பிரிட்டனில் கட்டிப்போட்ட காளைமீது ஏவப்பட்ட நாய்கள். அந்த விளையாட்டு 1835 இல் சட்டப்படி ஒழிந்ததும், சூதாட்டம் ஒளிந்து நடத்தக்கூடிய நாய்ச் சண்டைக்கு மாறியது. காளையை அடக்கிய நாயின் பலமும் டெரியரின் துறுதுறுப்பும் ஒன்றாகக் கலக்கப்பட்டன. பிடித்த பிடியை விடாத குட்டிகளே அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. டோசா, ஜப்பானின் ஷிகோகு தீவில் சண்டைக்கென்றே வளர்க்கப்பட்டது. டோகோ அர்ஜென்டினோ 1920களில் காட்டுப்பன்றி வேட்டைக்காக உருவாக்கப்பட்டது. ராட்வைலரின் கதை வேறு. தெற்கு ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் கசாப்புக்காரர்களுக்காக மாடு ஓட்டியதும், இறைச்சி வண்டி இழுத்ததும், பொருளுக்குக் காவல் இருந்ததும் அதன் பரம்பரைத் தொழில்கள். தமிழ்நாட்டின் ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனவை. அவை எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை என்பதற்காகத் தொட்டில் பக்கத்தில் கிடக்கத் தகுந்தவை என்று ஆகிவிடாது.

இனம் என்பது குணத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. தனித்தனி நாய்களுக்கு இடையே உள்ள குண வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது. மீதி வளர்ப்பு, வயது, அனுபவம், அந்தந்த நாயின் தனிப் பிறவிக்கூறு ஆகியவற்றைச் சேர்ந்தது. எளிதில் சீறும் நாய்கள் எல்லா இனத்திலும் உண்டு. உரிமையாளர்களிடம் கேள்வி கேட்டு நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வில், மனிதர்மேல் அதிகம் பாயும் இனங்களாக முன்னணியில் நின்றவை டாக்ஸ்ஹண்டும் சிவாவாவும். இரண்டுமே கையில் தூக்கிக்கொள்ளும் அளவுள்ளவை.

நாய்ப் பிரியர்கள் வழக்கமாக இந்த இடத்தில் வாதத்தை முடித்துக்கொள்வார்கள். ஆனால் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கடிக்குமா என்பது ஒரு கேள்வி. கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு இனம் அரைகுறையாகவே பதில் சொல்லும். இரண்டாவதற்குத் தெளிவாகவே சொல்லும். சிவாவா கடித்தால் பல் பதிந்த தடம் இருக்கும். வளர்ந்த ஆண் ராட்வைலரின் எடை ஏறக்குறைய 50 கிலோ. ஐந்து வயதுக் குழந்தையின் எடை 18 கிலோ அளவில்தான். கவ்வி உலுக்கும் பழக்கம் உள்ள நாய்க்கு அந்த எடை ஒரு பொருட்டே அல்ல. பெரியவர் ஒருவர் ஓடி வந்து விலக்குவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி இறந்தவர்களில், நாயின் இனம் தெரிந்த 238 மரணங்களை ஆராய்ந்தபோது குறைந்தது 25 இனங்கள் வெளிவந்தன. ஆயினும் பாதிக்கு மேற்பட்ட மரணங்களில் பிட்புல் வகையும் ராட்வைலரும் இருந்தன. ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் வளர்க்கப்பட்டன என்ற கணக்கு இல்லாததால், எந்த இனம் எத்தனை மடங்கு ஆபத்து என்று அந்த எண்ணை வைத்து வகுத்துச் சொல்ல முடியாது. அதே நேரம், அதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

அதே நாட்டில் 2000 முதல் 2009 வரை நடந்த 256 மரணங்களைக் காவல்துறை விசாரணை வரை தோண்டிப் பார்த்த பின்னாளைய ஆய்வு, இனத்தைவிட வீட்டுச் சூழலை முன்னால் வைத்தது. 87 சதவீத நிகழ்வுகளில், தடுக்கக்கூடிய பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. நான்கில் மூன்று பங்கில், அந்த நாய் குடும்பத்தோடு கலந்து வாழ்ந்த நாயே அல்ல. சங்கிலியிலோ கொட்டடியிலோ தனியே கிடந்தது. இந்தியச் சூழலில் இந்தக் கடைசிச் செய்தியை இருமுறை கேட்க வேண்டும். காவலுக்கு என்று வாங்கிப் பகலெல்லாம் வாசல் கேட்டிலோ மொட்டை மாடியிலோ கட்டி வைத்து, இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் வழக்கம் இங்கே மிகச் சாதாரணம். அந்த நாய்க்குக் குழந்தை என்பது வீட்டு மனிதர் அல்ல. தூரத்தில் ஓடுகிற, கீச்சிடுகிற, நெருங்கிப் பழகியிராத ஏதோ ஒன்று.

குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் கடினம். தவழும் பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும் விழும் கடி, சிறு பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுவது இதனால்தான். பிள்ளைகள் அன்பைக் காட்டும் விதமும் நாய்க்கு ஒத்துவராது. கழுத்தைக் கட்டிக்கொள்வது, கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது, மேலே சாய்வது ஆகிய மூன்றுமே நாய்களுக்கிடையே மிரட்டல் சைகைகள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், நாய் பல்லைக் காட்டி உறுமும் படத்தைப் பார்த்து அது சிரிக்கிறது என்று சொன்ன நான்கு வயதுக் குழந்தைகள் ஏராளம். சிரிக்கும் நாயைக் கட்டிப்பிடிக்கத்தானே எந்தப் பிள்ளைக்கும் தோன்றும்.

குழந்தைகளைக் கடித்த நாய்களை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவுகள், கடியின் தருணத்தைப் படம்பிடித்துக் காட்டுகின்றன. பழகிய குழந்தையைக் கடித்த நாய், மற்ற சூழல்களைவிட அதிகமாகத் தன் சோற்றையோ எலும்பையோ பொம்மையையோ காப்பாற்றிக்கொண்டிருந்தது. பழகாத குழந்தையைக் கடித்த நாய் பெரும்பாலும் தன் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தது. டியூஷனுக்கு வரும் பக்கத்து வீட்டுப் பையனும், பந்தை எடுக்கச் சுவரேறிக் குதிக்கும் பையனும் இந்த இரண்டாம் வகை. ஆராயப்பட்ட நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு அதற்குமுன் எந்தக் குழந்தையையும் கடித்ததே இல்லை. ‘எங்கள் நாய் இதுவரை யாரையும் கடித்ததில்லை’ என்ற வாக்கியத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழி குழந்தை உள்ள வீட்டுக்கு உதவாது. நாய் கடிப்பதற்குமுன் ஒரு வரிசையாக எச்சரிக்கிறது. பசியோ தூக்கமோ இல்லாதபோதும் உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியப் பார்க்கிறது. பிறகு உடல் அப்படியே விறைக்கிறது. அதன் பின்பே உறுமல். உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமலைத்தான் விடுகிறது, வெறுப்பை விடுவதில்லை. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே கடி வரும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பள்ளி வயதை எட்டாத பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் புதிதாக ராட்வைலரோ பிட்புல்லோ அதே கட்டுடல் கொண்ட வேறு இனமோ கொண்டுவருவது பொருத்தமான முடிவு அல்ல. அந்த நாய் கெட்டது என்பதல்ல காரணம். நல்ல நாயும் வாழ்நாளில் ஒருமுறை பொறுமை இழக்கும். அந்த ஒருமுறைக்கு அந்த வீட்டில் இடமில்லை. பிள்ளை வளர்ந்து, நாயின் சைகை புரிந்து, சொன்னதைக் கேட்டு நடக்கும் வயது வந்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் காவலுக்கு, கௌரவத்துக்கு, கைப்பேசியில் பார்த்த வீடியோவுக்கு என்பவை தகுந்த காரணங்கள் ஆகா.

நாய் முன்பே வீட்டில் இருந்து, குழந்தை பிறகு வந்தால் கணக்கு வேறு. பிரசவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே நாயின் படுக்கை இடத்தையும் நடை நேரத்தையும் மாற்றிப் பழக்க வேண்டும். குழந்தை வந்த அன்றே நாயைக் கொல்லைக்குத் துரத்தினால், தன் இழப்புக்கும் அந்தக் குழந்தைக்கும் நாய் முடிச்சுப் போட்டுவிடும். அறை வாசலில் தடுப்புக் கதவு வேண்டும். நாய் சாப்பிடும் இடமும் தூங்கும் இடமும் பிள்ளைக்கு எட்டாதவையாக இருக்க வேண்டும். குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பது மேற்பார்வை ஆகாது. இது சிறிய நாய்க்கும் பொருந்தும். 2000 இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஆறு வாரக் குழந்தை ஒன்று இறந்தது பொமரேனியன் நாய் கடித்து.

குட்டி வாங்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்பதும் அந்தக் காலத்தில்தான். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ஆனால் சந்தையில் பால் மணம் மாறாத குட்டிகளுக்குத்தான் கிராக்கி.

தடை பலன் தருமா என்பதில் நாடுகளின் அனுபவம் ஒரு திசையில் போகவில்லை. நெதர்லாந்து 1993 இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008 இல் கைவிட்டது. இத்தாலி தன் இனப் பட்டியலை 2009 இல் நீக்கியது. பிரிட்டனோ எதிர்த் திசையில் போய், எக்ஸ்எல் புல்லி என்ற நாய் வகையைப் பட்டியலில் சேர்த்தது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். இந்தியாவில் 2024 மார்ச் 12 அன்று மத்தியக் கால்நடைத் துறை 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றை நிறுத்தும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கூறி அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. கலப்பின நாயைக் கண்ணால் பார்த்து இனம் சொல்வது பயிற்சி பெற்றவர்களுக்கே தவறிப்போகிற வேலை என்பது இத்தகைய தடைகளின் இன்னொரு பலவீனம். உரிமையாளரின் பொறுப்பு பற்றிய சட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை. வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இனம் எது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

கடி நேர்ந்துவிட்டால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கடிவாயைப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது. வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சின்னக் கீறல்களைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதும் இல்லை. ஆகவே நாயோடு விளையாடித் திரும்பும் பிள்ளையின் கைகால்களைப் பார்ப்பது நல்ல பழக்கம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி கடிபட்ட அன்றும், பிறகு 3, 7, 28 ஆம் நாட்களிலும் போடப்படுகிறது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், முகத்திலோ தலையிலோ கடி என்றால் குறிப்பாக, கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் ஊசியும் முதல் நாளே தேவைப்படும். கடித்தது வீட்டு நாய்தான், அதற்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருக்கிறது என்றாலும் பத்து நாள் அதைக் கண்காணிப்பார்கள். அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று குழந்தையின் முதல் ஊசியைத் தள்ளிப்போடுவதில்லை.