தப்பை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்



எனக்குத் தந்த தலைப்பு நாட்டார் இசையில் புதிய பரிசோதனைகள். அதைப் பற்றிப் பேசத்தான் குறிப்பெடுத்து வந்தேன். ஆனால் சற்று முன்னால் இங்கே பாடிவிட்டு இறங்கினார்களே நம்முடைய பிள்ளைகள், அவர்கள் பாடிய பிறகு இந்தக் கடதாசி எனக்கு வேண்டாம். இதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ஒரு தங்கச்சி வரியை எடுத்தாள், பன்னிரண்டு பேர் அதை வாங்கினார்கள், கடைசி வரிசையில் இருந்த கிழவர்கள் எழுந்து நின்றார்கள். பார்த்தீர்கள்தானே? கைதட்டுங்கள், இன்னும் ஒரு தரம் தட்டுங்கள், அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கட்டும்!

அவர்களைக் கேட்டபோது எனக்கு இன்னொரு மேடை நினைவுக்கு வந்தது. 2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ஒரு குழுவை மேடையேற்றினார்கள். பெயர் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பத்தொன்பது பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு. அண்ணல் அம்பேத்கர் கோட்டு சூட்டோடு நிமிர்ந்து நின்றாரே, அந்த நிமிர்வு அந்த மேடையில் இருந்தது. ஒரு பக்கம் பறை, சட்டி, தோலக், கட்டமோளம். மறுபக்கம் கிற்றார், டிரம்ஸ். வட சென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானா, றொக் இசையோடும் றாப்போடும் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தது. நாலாயிரம் பேருக்குக் குறையாத கூட்டம் என்று சொல்கிறார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர்கள் வரியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பாட்டு கீழே விழுவதே இல்லை. தனிக் குரலில் பாடினால் அது கெஞ்சலாகக் கேட்கும் இடத்தில், பத்துப் பேர் சேர்ந்து பாடினால் அது கேள்வியாகக் கேட்கிறது. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி என்ற பெண்பிள்ளை பாடினாள். 2020இல் பிபிசி தெரிவு செய்த நூறு பெண்களில் அவளும் ஒருத்தி.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பெயருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். சாதி பேதமற்றவர்கள் நாங்கள் என்று நூறு வருடத்துக்கு முன்னமே சொன்ன பண்டிதர் அயோத்திதாசரிடமிருந்து எடுத்த பெயர் அது. அந்த அயோத்திதாசர் 1898இல் பிரம்மஞான சபையின் கேணல் ஒல்கொட்டோடு கப்பலேறி எங்கே வந்தார்? கொழும்புக்கு வந்தார். மாளிகாகந்தையில் சுமங்கல நாயக்க தேரரிடம் பௌத்தம் தழுவினார். மாளிகாகந்தை எங்கே இருக்கிறது? இந்த ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து போகிற தூரம்! சென்னைப் பிள்ளைகள் ஊர் ஊராகக் கொண்டுபோன அந்தப் பெயருக்குரிய மனிதர் நம்முடைய கொழும்பு மண்ணை மிதித்துப் போனவர். இதை நம் பள்ளிக்கூடத்தில் யாராவது நமக்குச் சொல்லித் தந்தார்களா?

அந்தக் குழுவில் பாடிய அறிவு என்ற தம்பி அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் நம்முடைய மலையில் கொழுந்து பறித்தவர். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் மலையக மக்களைப் பற்றி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மனிதர்களை இப்படியா பங்கு பிரிப்பது? கொழுந்து பறித்த எந்தக் கையையாவது பிடித்துக் கேட்டார்களா? அந்த ஐந்தேகால் இலட்சத்துக்குள் இருந்த வள்ளியம்மாளின் பேரன்தான் 2021இல் எஞ்ஜாய் எஞ்சாமி எழுதிப் பாடினார். உலகமே பாடியது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டின் புகழைச் சொல்லி ஒரு பெரிய சஞ்சிகை அட்டைப்படம் போட்டபோது, எழுதிய பிள்ளையின் முகம் அட்டையில் இல்லை! ரஞ்சித் கேள்வி எழுப்பினார், பலர் கேட்டார்கள். பாட்டு வேண்டும், பாடியவன் வேண்டாம். இது நமக்குப் புதிதா?

நமக்குப் புதிதில்லை என்று ஏன் சொல்கிறேன்? நம்முடைய முடுக்கில் ஒரு மனிதர் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும். 1974 பஞ்சத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இறங்கி வந்தவர். அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது, இவர் இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கையில் கொண்டு வந்த சொத்து ஒரு தப்பு மேளம். வைக்கோலையும் பழைய பேப்பரையும் கொளுத்தி அந்தத் தோலைக் காய்ச்சுவார். காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். திருப்தி வராவிட்டால் மறுபடியும் நெருப்புக்குக் காட்டுவார். இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்புவதற்கும் அதே தப்புத்தான், மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றினால் ரதியையும் மதனையும் ஆட வைப்பதற்கும் அதே தப்புத்தான் என்று சொல்வார். காலையில் அடிக்கிற அடி துரைக்கு, மாசியில் அடிக்கிற அடி எங்களுக்கு என்பார். அவர் அடிக்கத் தொடங்கினால் முடுக்கில் பெண்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து பாடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அவரையும் அவருடைய ஆட்களையும் ஒரு விழாவில் பாட வைக்கலாம் என்று நாங்கள் இளவட்டங்கள் மண்டபம் கேட்டுப் போனோம். எந்த மண்டபம் என்று கேட்காதீர்கள். மண்டபம் தரலாம், தப்பு மேடையில் ஏறக்கூடாது என்றார்கள். வாசலில் அடிக்கலாமாம், விருந்தாளிகளை வரவேற்கலாமாம்! அவர் ஒன்றும் பேசவில்லை. தப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். ஐயா, கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை!

தப்பைச் சத்தம் என்கிறார்கள். இது இசையில்லை, இரைச்சல் என்கிறார்கள். சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கும் என்னைத் தெரியும். அவர்களைக் கேட்கிறேன். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 1962இல் கர்ணன் போர் போட்டபோது, பிறகு இராவணேசன் போட்டபோது, அண்ணாவியாரின் மத்தளத்தையும் பிற்பாட்டையும் மேடைக்குப் பின்னாலா ஒளித்து வைத்தார்? ஒருவன் பாட, சபையோர் எல்லாரும் வாங்கிப் பாடுகிற அந்தப் பலத்தைத்தான் அவர் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரர் 1956இல் மனமே போட்டபோது சிங்களக் கூத்தான நாடகமவின் கூட்டுப் பாட்டை வைத்துத்தானே சிங்கள மேடையையே திருப்பினார்? அப்போது அது கலை. நம்முடைய முடுக்குப் பிள்ளை தப்பைத் தூக்கினால் மட்டும் இரைச்சலா? தமிழ்நாட்டுக் கம்பனிகள் கடல் கடந்து வந்து நாடகம் ஆடிய இடம் இந்த ஜிந்துப்பிட்டி. பாட்டு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்!

மீனாட்சி அம்மையாரை எத்தனை பேருக்குத் தெரியும்? தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார். தொழிலாளர் கூட்டத்தில் ஐயர் பேசுவதற்கு முன்னால் அம்மையார் பாடுவார். பாட்டுக்குக் கூட்டம் சேரும். 1940இல் அந்தப் பாட்டுகளைப் புத்தகமாகவும் போட்டார். மைக் எளிதில் கிடைக்காத காலம் அது. ஒரு பெண்ணின் தொண்டையை நம்பித் தொழிற்சங்கம் வளர்ந்திருக்கிறது. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய் நம் பாட்டுகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அவை புத்தகத்துக்குள் கிடக்கின்றன. பாடத்தான் ஆளில்லை என்று நினைத்திருந்தேன், இன்றைக்கு இந்தப் பிள்ளைகளைக் கேட்கும் வரை.

நம் முடுக்கில் தப்படித்த அந்த மனிதர் இன்றைக்கு உயிரோடு இல்லை. இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேன்... இல்லை, இந்த மேடையில் உட்கார வைத்திருப்பேன், தலைவரின் பக்கத்தில். அவரிடம் பழகியவர்கள் நாலைந்து பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த அடி தெரியும். பிரட்டு அடி தெரியும், காமன் கூத்து அடி தெரியும். அதைக் கையோடு கொண்டுபோய்விடாதீர்கள் அண்ணன்மாரே. வந்து இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

சென்னையில் 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் மார்கழியில் மக்களிசை என்றொரு விழாவைத் தொடங்கினார்கள். சபாக்களில் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கிற அதே மாதத்தில், அதே நகரத்தில். இடம் தரவில்லையா, நாங்களே மேடை போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். நாமும் போடுவோம். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் புறப்படுகிற அந்த வாரத்தில், இதே ஜிந்துப்பிட்டியில், வீதியோரமாக ஒரு மேடை. தப்பு நடுவில் இருக்கட்டும், பாடுகிறவர்கள் அதைச் சுற்றி நிற்கட்டும். கிற்றார் வாசிக்கிற பையன் வெள்ளவத்தையிலிருந்து வந்தாலும் வரட்டும், பைலா பாடுகிற சிங்களத் தம்பி புளூமெண்டல் வீதியிலிருந்து வந்தாலும் வரட்டும். செலவு பெரிய செலவில்லை. ஒலிபெருக்கிக்கு நான் பொறுப்பு, பந்தல் போடுகிறவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் பாருங்கள்! திருப்ப வேண்டாம் தம்பி, உங்கள் பெயரை முதலில் எழுதிவிட்டோம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன். வாசலில் மேசை போட்டு ஒரு அக்கா கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். பாடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பெண்பிள்ளைகள் முதலில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முதல் ஒத்திகை.