கழற்றி எடுக்கக்கூடிய பரிசுடன் பொங்கல் வாழ்த்து

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொங்கல் விடுமுறைக்கு முன்பு வாழ்த்து அட்டை செய்யச் சொல்கிறோம். ஜிகினா, ஸ்டிக்கர் என்று பட்டியல் கொடுத்தால், வாங்க இயலாத குழந்தை ஓரமாக ஒதுங்கிவிடும். எனவே என் வகுப்பில் எதையும் வாங்கி வரக் கூடாது என்பதே விதி.

297 மி.மீ. நீளமுள்ள ஏ4 தாளின் நீளத்தைச் சரிபாதியாக மடித்தால் அட்டை தயார். பழைய நாட்காட்டித் தாளில் பானை வடிவம் வெட்டி, வாயை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஓரங்களில் பசை தடவி, அட்டையின் முகப்பில் ஒட்டச் சொல்வேன். இப்போது பானை ஒரு பை. பசை நன்றாகக் காய்ந்த பிறகு, ஐந்து வெண்டை விதைகளை வெள்ளைத்தாளில் மடித்து, 2 செ.மீ. வெளியே தெரியுமாறு செருகலாம். பால் பொங்குவது போலவே இருக்கும். இழுத்தால் பரிசு கையில்!

தைப்பட்டத்துக்கு வெண்டை ஏற்றது. விதைத்து ஏறத்தாழ 45 நாளில் காய் பறிக்கலாம். செடியிலேயே முற்றிக் காய்ந்த காயின் விதையையே பயன்படுத்துங்கள். கடைகளில் கிடைக்கும் நிறமேற்றிய விதையில் பூச்சிமருந்து பூசப்பட்டிருக்கும். அதைக் குழந்தைகளிடம் தரலாகாது.

அட்டை யாருக்கு என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கு, தூய்மைப் பணியாளருக்கு என்று பெயர்கள் வரும். மதிப்பிடும்போது ஒட்டிய நேர்த்தியைவிட, அவர்களுக்கென உள்ளே எழுதிய இரண்டு வரிகளைப் பாருங்கள். மொழிப்பாடம் அங்கேதான் இருக்கிறது.