பாகவதர் வழக்கும் ஏழை படும் பாடும்

(அழகர்கோவிலில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட தோழர்கள், ஏதாவது புராண ஆபாசத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கலாம். நாம் அதைப் பேசப் போவதில்லை. ஒரு கொலை வழக்கைப் பற்றியும் ஒரு நாவலைப் பற்றியும் பேசப் போகிறோம். அழகர்கோவிலில் வந்து கொலை வழக்குப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். பேசி முடிக்கும்போது இதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று கருதுகிறோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. நமக்குக் கல்லூரி என்பது வாசகசாலைப் பலகைதான். அந்தப் பலகையில் உட்கார்ந்து படித்த புத்தகங்களில் ஒன்று, பிரெஞ்சு தேசத்து விக்டர் ஹியூகோ 1862-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நாவல். சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் கொடுத்தார்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜான் வால்ஜான் என்ற கூலிக்காரன், சகோதரியின் குழந்தைகள் பட்டினி கிடப்பதைப் பார்க்கச் சகியாமல் ஒரு ரொட்டியைத் திருடினான். அதற்கு ஐந்து வருஷம் தண்டனை. தப்பியோடப் பார்த்ததற்காக மேலும் மேலும் சேர்ந்து 19 வருஷம் ஆயிற்று. வெளியே வந்தபோது கையில் ஒரு மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். அதை எங்கே காட்டினாலும் அவனுக்குச் சோறும் இல்லை, படுக்க இடமும் இல்லை. அவனை மனிதனாக்கியது ஒரு பாதிரியார். அவர் மந்திரம் ஜெபித்து ஆக்கவில்லை; சாப்பாடு போட்டு, படுக்கை கொடுத்து, தன் வீட்டு வெள்ளியை இவன் திருடியபோதும் போலீசாரிடம் காட்டிக் கொடுக்காமல் ஆக்கினார். அதாவது மனிதனை மனிதன் திருத்தினான். ஆகாயத்திலிருந்து யாரும் வரவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். சென்னையில் சி. என். லக்ஷ்மிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். சினிமாக்காரர்களின் அந்தரங்க விஷயங்களை, மெய்யோ பொய்யோ, அச்சடித்து விற்பது அதன் தொழில். எம். கே. தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுச் செய்து அதன் லைசென்சை ரத்துச் செய்ய வைத்தார்கள். அவர் ‘இந்து நேசன்’ என்ற பெயரில் மறுபடி தொடங்கினார். 1944-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த அவரை வழிமறித்துக் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பர் கடைசியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள், நாயுடுவும் எதிரியாக்கப்பட்டார்.

பாகவதர் அன்று யார்? அவ்வருஷத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படம் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளியைக் கண்டது. ஜனங்கள் காசு கொடுத்து அவரைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோ ஜெயிலில் களி தின்றுகொண்டிருந்தார். கிருஷ்ணன் யார்? மூடநம்பிக்கையை அடித்துப் பேசினால் கல்லெறிகிற ஜனங்களை, அதே விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தவர். நாம் நூறு மேடையில் செய்ததை அவர் ஒரு காட்சியில் செய்தார்.

சென்னை ஹைகோர்ட் செஷன்ஸில் மாக்கெட் துரை முன்பாக விசாரணை நடந்தது. ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஹைகோர்ட்டில் ஜூரி என்றால் ஒன்பது பேர். ஆறு பேர் ஒருமித்து, ஜட்ஜும் ஒப்பினால் போதும் என்பது அன்றைய சட்டம். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஹைகோர்ட்டிலேயே அப்பீல் செய்தார்கள், தள்ளப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அங்கே, அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பியனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டார் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் கழிந்துவிட்டது.

இதைக் கேட்டவர்கள், “பாகவதர் பட்டதுதான் ஏழை படும் பாடு, அவர்தான் நம் நாட்டு ஜான் வால்ஜான்” என்று சொல்வதுண்டு. தோழர்களே, இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வால்ஜான் ரொட்டியைத் திருடியது நிஜம். அவன் விஷயத்தில் அநியாயம் என்னவென்றால், செய்த குற்றம் ஒரு காசு, தண்டனை ஓராயிரம் என்பது. பாகவதரோ தாம் அந்தக் குற்றத்தைச் செய்யவே இல்லை என்றார். ஆகவே உவமை பொருந்தவில்லை.

ஆனால் அதே நாவலில் இன்னொருவன் வருகிறான். அவன் பெயர் சாம்மத்தியு. ஆப்பிள் திருடினான் என்று பிடித்தார்கள். பிடித்த பிறகு, “இவன்தான் பழைய கைதி ஜான் வால்ஜான்” என்று சொல்லிவிட்டார்கள். கூட ஜெயிலிலிருந்த மூன்று கைதிகள் கோர்ட்டில் நின்று, இவனேதான் என்று அடையாளம் காட்டினார்கள். போலீஸ் அதிகாரி ஜாவரும் அப்படியே சொன்னான். அந்தக் கிழவனுக்கு வாதாடவும் தெரியவில்லை. அவன் பேந்தப் பேந்த விழித்ததே குற்றத்துக்கு ருசுவாகத் தோன்றிற்று.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சாட்சிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் சொல்லவில்லை. நம்பியே சொன்னார்கள். ஒரு மனிதனைக் கொல்லப் பொய்ச் சாட்சிதான் வேண்டும் என்பதில்லை. அவசரமாக நம்புகிற மெய்ச் சாட்சியே போதும். உண்மை வால்ஜான் அப்போது வேறு பெயரில் ஒரு நகரத்துக்குத் தலைவனாக, சகல மரியாதையுடன் இருந்தான். ராத்திரி முழுதும் மனசோடு போராடிவிட்டு, மறுநாள் கோர்ட்டுக்குப் போய், “நீங்கள் தேடுகிறவன் நான்” என்று சொன்னான். கிழவன் தப்பினான்.

இதுதான் பாகவதர் வழக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பகுதி. ஆனால் ஒரு வித்தியாசம். பாகவதருக்காக எந்த வால்ஜானும் கோர்ட்டில் எழுந்து நிற்கவில்லை. லக்ஷ்மிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை ருசுவாகவில்லை. அவர் நடத்திய பத்திரிகை எவ்வளவு இழிவானதாயிருந்தாலும், அவரைக் கொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆகவே அந்த வழக்கில் நியாயம் கிடைக்காதவர் பட்டியலில் செத்தவர் பெயரையும் சேர்க்கத்தான் வேண்டும்.

அப்படியானால் பாகவதரைக் காப்பாற்றியது எது? பக்தர்களைக் கேட்டால், “அவர் பாடிய பக்திப் பாட்டு காப்பாற்றியது” என்பார்கள். நல்லது. 1947-ல் விடுதலை செய்தது கடவுள் என்றால், 1944-ல் கைது செய்தது யார்? போலீசாரா? அப்போது கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்? 1941-ல் வந்த ‘அசோக்குமார்’ படத்தில் பாகவதர் குணாளனாக நடித்தார். மாற்றாந்தாய் பொய்ப் பழி சுமத்துகிறாள், கண் போகிறது, புத்தர் அருளால் திரும்பவும் வருகிறது. கொட்டகையில் கண் வந்தது. ஜெயிலில் எந்தப் புத்தரும் வரவில்லை.

வந்தது எது தெரியுமா? ஒரு சட்டப் பிரிவு. ஹைகோர்ட் செஷன்ஸில் ஜூரி விசாரித்துத் தண்டித்தால், சாட்சியம் சரியா தப்பா என்று அப்பீல் செய்ய முன்பெல்லாம் வழியில்லை. 1943-ல்தான் கிரிமினல் விசாரணை முறைச் சட்டத்தைத் திருத்தி அதற்கு இடம் கொடுத்தார்கள். லக்ஷ்மிகாந்தன் குத்துப்பட்டது 1944-ல். இந்தக் கொலை இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதர்களும் தப்புச் செய்வார்கள், ஆகையால் தீர்ப்பை மறுபடி பார்க்க ஒரு வழி வேண்டும் என்று மனிதர்களே உணர்ந்து எழுதிய நாலு வரிதான் காப்பாற்றிற்று.

இனி இந்த ஊருக்கு வருவோம். இங்கே கோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பன் இருக்கிறார். சாத்திய கதவே சாமி, கதவுக்குச் சந்தனம். மதுரை ஜில்லா முழுதும் தகராறு உள்ளவர்கள் இந்தப் படியில் வந்து சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். கோர்ட்டில் பொய் சொல்லுகிறவனும் கருப்பன் படியில் சொல்லமாட்டான் என்று பெருமையாகச் சொல்லுவார்கள்.

நாம் சிறுவனாயிருந்தபோது நம் ஊரில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஒரு வீட்டில் பித்தளை அண்டா ஒன்று காணாமற்போயிற்று. அந்த வீட்டுப் பண்ணையாள்மேல் சந்தேகம். “கருப்பன் படியில் சத்தியம் பண்ணுகிறாயா?” என்றார்கள். அவர் சாமிக்கு மிகவும் பயந்தவர். படிக்கு வந்ததும் உடம்பு நடுங்கி, நாக்குக் குழறி, சத்தியம் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உடனே, “கருப்பன் காட்டிக் கொடுத்துவிட்டான்” என்று ஊரே தீர்மானித்தது. அவர் பெண்டு பிள்ளைகளுடன் ஊரை விட்டே போனார். மறு வருஷம், அண்டாவின் சொந்தக்காரரின் மைத்துனரே அதை அடகு வைத்திருந்தது தெரிந்தது. அந்த மைத்துனர் என்ன செய்திருந்தார் தெரியுமா? அதே படியில் கணீரென்று சத்தியம் செய்திருந்தார்!

தோழர்களே, பயந்தவன் குற்றவாளி, பயமற்றவன் யோக்கியன் என்றால், அது நியாய ஸ்தலமா? சாம்மத்தியு விழித்ததும் இந்தப் பண்ணையாள் நடுங்கியதும் ஒன்றுதான். ஆனால் பிரெஞ்சுக் கோர்ட்டில் ஒருவன் எழுந்து பேச இடமிருந்தது. பாகவதருக்கு அப்பீல் இருந்தது. கருப்பன் தீர்ப்புக்கு அப்பீல் உண்டா? போனவரைத் தேடிப் போய், “தப்பு நடந்துவிட்டது” என்று சொல்லக்கூட ஒருவரும் போகவில்லை. நாமும் போகவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறோம்.

மஞ்சள் காகிதம் என்றோமே, அதுவும் பிரான்சில் மட்டும் இருந்ததல்ல. இதே மதுரை ஜில்லாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. பிரமலைக் கள்ளர் சமூகத்தில் பிறந்துவிட்டால் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் போலீசில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எதிர்த்த பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3-ந் தேதி சுட்டுக் கொன்றார்கள். வால்ஜான் ரொட்டியாவது திருடினான். இவர்கள் திருடியது என்ன? பிறந்ததுதான் குற்றம்! பிறப்பிலே உயர்வு தாழ்வு சொல்லும் புத்திதான், பிறப்பிலே குற்றத்தையும் கண்டுபிடித்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்ததும், பாகவதர் வெளியே வந்த அதே 1947-ல்தான்.

பாகவதரிடம் பணம் இருந்தது; பெரிய வக்கீல்கள் வந்தார்கள்; லண்டன் வரை போனார். அப்படியும் பழைய வாழ்வு திரும்பவில்லை. ‘ராஜமுக்தி’ முதலிய பின்னாளைய படங்கள் எடுபடவில்லை; 1959-ல் காலமானார். கிருஷ்ணன் மறுபடி நிமிர்ந்து, 1949-ல் ‘நல்லதம்பி’ கொடுத்தார். அவரும் 1957-ல் போய்விட்டார். ஸ்ரீராமுலு நாயுடு என்ன செய்தார் தெரியுமா? 1950-ல் அதே ‘ஏழை படும் பாடு’ நாவலைப் படமாக எடுத்தார். ‘அசோக்குமா’ரில் அசோகனாயிருந்த நாகையா, வால்ஜான் வேஷத்தில் நடித்தார். எதிரிக் கூண்டில் நின்றவர் எதற்காக அந்தக் கதையை எடுத்தார் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறோம்.

பணமுள்ளவன் கதி இதுவானால், பணமில்லாதவன் கதி என்ன? 2022-ஆம் வருஷக் கடைசிக் கணக்குப்படி, இந்திய ஜெயில்களில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் தண்டிக்கப்பட்டவர்களே அல்ல. விசாரணை முடியாமல் அடைபட்டுக் கிடப்பவர்கள். அவர்களுக்காக எந்தக் கொட்டகையில் ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள்? எந்த நாவல் எழுதப்பட்டது?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இரண்டே. ஒன்று: ஊரில் யார்மேலாவது பழி விழுந்தால், படிக்கு இழுக்காதீர்கள், யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எப்படித் தெரியும் என்று கேளுங்கள். இரண்டு: 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணி அதிகாரங்கள் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், ஏழைகளுக்கும் காசில்லாமல் வக்கீல் கேட்க உரிமையுண்டு. தாலுகாக் கோர்ட்டிலேயே அதற்குக் குழு இருக்கிறது. ஜெயிலில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தால், கருப்பனுக்குக் கிடாய் நேர்ந்துகொள்வதற்கு முன், அந்த வாசலுக்குப் போய் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கிடாய்க்கு ஆகும் செலவில் பஸ் சார்ஜ் போக மீதி, ஜெயிலில் இருப்பவரின் குழந்தைகளுக்குச் சோறாகும்.

சாத்திய கதவு நியாயம் சொல்லாது. திறந்த கதவைத் தேடிப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.